திராவிடப் பிரகாசிகை முதல் ‘நாடும் நாயன்மாரும்’ வரை: பக்தியுக ஆய்வில் நோக்குகளும் போக்குகளும்

ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்தை எவ்வாறு மதிப்பிடுகின்றது என்பதை அறிவதற்கு, அக்கடந்த காலத்தைப் பற்றி அது காலந்தோறும் எழுதிக்கொண்ட நூல்களை வரிசைப்படுத்தி நோக்குதல் பயன்தரும் முறையாகும். தமிழர் வரலாற்றில் கி.பி. ஏழாம் நூற்றாண்டு தொடக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையுள்ள காலப்பகுதி இவ்வகையிற் சிறப்பாகக் கவனத்துக்குரியது. நாயன்மாரும் ஆழ்வாரும் பாடியதும், பல்லவரும் சோழரும் கற்றளிகளை எடுப்பித்ததும், சமணமும் பௌத்தமும் செல்வாக்கிழந்ததும், சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளம் அமைந்ததும் இக்காலப்பகுதியிலேயாம். இதனை ஆராய்ந்தோருள் ஈழத்து அறிஞர் வகித்த இடம் பெரிது. அவ்வரிசையின் தொடக்கத்திலே கோப்பாயைச் சேர்ந்த ஒருவர் நிற்கின்றார். சபாபதி நாவலர் என்னும் அப்பெரியாரின் ‘திராவிடப் பிரகாசிகை’ தொடக்கம் பேராசிரியர் க. கைலாசபதியின் ‘நாடும் நாயன்மாரும்’ என்னும் கட்டுரை வரையுள்ள ஆய்வுப் போக்கினை மதிப்பிடுவதும், அது விட்டுச்சென்ற வினாக்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடகோவை எனவும் வழங்கும் கோப்பாய் வடக்கிற் பிறந்த சபாபதி நாவலர், ஆறுமுக நாவலரின் பணியோடு இணைந்து சிதம்பரம் சைவப்பிரகாச வித்தியாசாலையிலே தலைமையாசிரியராயிருந்தவர். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து சுப்பிரமணிய தேசிகரிடம் சாத்திரங்களைக் கற்று, ‘நாவலர்’ என்ற பட்டத்தையும் பெற்றார். கோப்பாயிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து திருவாவடுதுறை என்ற இப்பயணம் தனியொருவரின் வாழ்க்கைக் குறிப்பு மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணக் கல்விமான் தனக்குரிய அறிவு மையம் எங்குள்ளது எனக் கருதினான் என்பதையும் அது காட்டுகின்றது. மிசனரிமாரின் பாடசாலைகள் யாழ்ப்பாணத்திலே பெருகியிருந்த அக்காலத்தில், மடத்தின் மரபுக் கல்வியை நாடிச் செல்லுதல் ஒரு தெரிவாகவும் ஒரு நிலைப்பாடாகவும் இருந்தது.

1899ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திராவிடப் பிரகாசிகை’ தமிழின் தொன்மை, இலக்கணம், இலக்கியம், சாத்திரம் என்பனவற்றின் மரபுகளைத் தனித்தனி இயல்களாக வகுத்து, ஒழிபியலோடு நிறைவுறுகின்றது. தமிழிலக்கியத்தின் வரலாற்றைத் தமிழிலேயே தொகுத்துரைக்க எழுந்த முன்னோடி முயற்சிகளுள் இஃது ஒன்று. புலவர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வரலாறு சொல்லும் முறையை விடுத்து, நூல்களைத் துறைவாரியாக நோக்கியமை இதன் சிறப்பெனலாம். இலக்கண நூலுக்கும் அதன் உரைக்கும் உள்ள தொடர்பு, சாத்திர நூல்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறை என்பன பற்றி மடத்துக் கல்வி வழிவந்த ஒருவரே எழுதத்தக்க தெளிவு நூலிலே காணப்படுகின்றது.

எனினும், நூலின் தலைப்போடு ‘தமிழ் வரலாறு’ என்ற தொடர் சேர்ந்திருப்பினும், இன்றைய பொருளில் அஃது ஒரு வரலாறு ஆகாது. காலம் என்பது அந்நூலாசிரியருக்கு ஆராய்ச்சிக்குரிய பிரச்சினையாகத் தோன்றவில்லை. ஒரு நூல் எக்காலத்தது என்பதிலும், அஃது எவ்வாசிரிய பரம்பரை வழியாக வந்தது என்பதே அவருக்கு முதன்மையானது. திருமுறைகள் எழுந்த சூழல் யாது, அவற்றைக் கேட்டோர் யாவர், அவர்கள் எத்தகைய வாழ்க்கையை நடத்தினர் என்ற வினாக்கள் அங்கு எழுவதில்லை. அருள்வாக்குக்குச் சூழல் கற்பிப்பது அதன் பெருமையைக் குறைப்பதாகும் என்பது அவ்வறிஞரின் நிலைப்பாட்டில் உட்கிடையாய் அமைந்துள்ளது.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1895இல், திருவனந்தபுரத்திலிருந்த பெ. சுந்தரம்பிள்ளை திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராயும் ஆங்கில நூலினை வெளியிட்டிருந்தார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. இலக்கியச் சான்றுகளைச் சாசனச் செய்திகளோடு பொருத்திக் காலத்தை வரையறுக்க முயன்றது அந்நூல். சம்பந்தரின் காலத்தவரான சிறுத்தொண்டர் வாதாபிப் போரிற் பங்குகொண்டவர் என்னும் செய்தியை, 642ஆம் ஆண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியைக் கைப்பற்றிய நிகழ்ச்சியோடு இணைத்து நோக்கிய பின்னர், சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்பது ஆய்வுலகில் நிலைபெற்றது. ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இவ்விரு நூல்களும் இருவேறு அறிவுலகங்களைச் சார்ந்தவை. ஒன்றிலே பனுவலுக்கு அதிகாரம் பரம்பரையிலிருந்து கிடைக்கின்றது. மற்றையதிலே பனுவல் புறச்சான்றின் முன் நிறுத்தப்படுகின்றது.

இவ்வேறுபாட்டைக் கொண்டு சபாபதி நாவலரைப் பழைமைவாதி என ஒதுக்கிவிடுதல் எளிது. அது நேரிய மதிப்பீடாகாது. ‘ஏசுமத சங்கற்ப நிராகரணம்’ போன்ற கண்டன நூல்களையும் எழுதியவர் அவர். சைவம் பொய்ச்சமயம் எனவும் அதன் புராணங்கள் கட்டுக்கதைகள் எனவும் அச்சியந்திரத்தின் துணையோடு பரப்பப்பட்ட சூழலில், தம் மரபைக் காத்தல் அவருக்கு முதற் கடமையாயிற்று. காவல் புரிபவன் தான் காக்கும் பொருளைப் பிரித்துப் பார்க்க விரும்பான். திராவிடப் பிரகாசிகையின் வலிமையும் குறைபாடும் இவ்வொரு காரணத்திலிருந்தே பிறந்தவை.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தோற்றத்தோடு இந்நிலை மாறியது. பேராசிரியர் வி. செல்வநாயகம் 1951இல் வெளியிட்ட ‘தமிழ் இலக்கிய வரலாறு’, பல்லவர் காலம், சோழர் காலம் என அரச மரபுகளின் அடிப்படையிற் காலப்பகுப்பினை மேற்கொண்டு, ஒவ்வொரு காலத்தின் அரசியல் நிலையையும் சமய நிலையையும் கூறிய பின்னரே இலக்கியத்தைக் கூறியது. இலக்கியத்துக்குச் சூழல் உண்டு என்ற உண்மை இதனால் மாணவரின் பொது அறிவாயிற்று. ஆனால் அச்சூழல் பெரும்பாலும் அரசனைச் சுற்றியே அமைந்தது. மன்னன் சைவனானதால் சைவம் தழைத்தது என்ற விடையோடு வாசகன் நிறைவுற வேண்டியிருந்தது. மன்னன் ஏன் சைவனாக வேண்டும், அதனால் யார் பயனடைந்தனர் என்ற அடுத்த வினா கேட்கப்படவில்லை.

அவ்வினாவை வெளிப்படையாக எழுப்பியவர் கைலாசபதி ஆவர். 1966இல் வெளிவந்த அவரது ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்னும் நூலிலுள்ள ‘நாடும் நாயன்மாரும்’, ‘பேரரசும் பெருந்தத்துவமும்’ என்னும் இரு கட்டுரைகளும் பக்தியுக ஆய்வின் திசையை மாற்றின எனலாம். சமணமும் பௌத்தமும் வணிக வர்க்கத்தின் ஆதரவிற் செழித்தவை. வணிகரின் மேலாதிக்கத்தை எதிர்த்து எழுந்த நிலவுடைமையாளர், ஏனைய மக்கட் பிரிவினரையும் தம்பாற் சேர்த்துக்கொண்டு நடத்திய போராட்டத்தின் சமய வடிவமே பக்தி இயக்கம் என்பது முதற் கட்டுரையின் மையக் கருத்து. சோழப் பேரரசின் படிநிலை அமைப்புக்கும் பதி, பசு, பாசம் என்னும் தத்துவ அமைப்புக்கும் இடையே உள்ள ஒப்புமையை இரண்டாவது கட்டுரை விளக்குகின்றது. இந்திய வரலாற்றாசிரியர்களான எம். ஜி. எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும் பக்தி இயக்கத்தின் சமூக அடித்தளம் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்ட 1978ஆம் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, தமிழில் இவ்வினா எழுப்பப்பட்டு விட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கைலாசபதியின் ஆய்வு இத்துறையிற் பெற்ற முதன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓர் ஆய்வு முன்னோடியானது என்பதனாலேயே அதன் முடிபுகள் யாவும் நிலைபேறுடையன ஆகிவிடா. அரைநூற்றாண்டுக்கு மேலாக வெளிவந்துள்ள சாசன ஆய்வுகளின் ஒளியில் மூன்று கருத்துக்களை மறுபரிசீலனை செய்தல் அவசியமாகின்றது.

முதலாவது, வணிகர் பற்றியது. நாயன்மாருள்ளே வணிகர் பலர் உளர். காரைக்காலம்மையார் வணிகர் குலத்தவர். இயற்பகையார், அமர்நீதியார், மூர்த்தியார் ஆகியோரும் அவ்வாறே. சாசனங்களும் இதற்கு அரண் செய்கின்றன. தாய்லாந்தின் தக்குவாபாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம், ‘அவனிநாரணம்’ என்னும் வைணவப் பெயர் தாங்கிய குளமொன்று மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விடப்பட்டதைக் கூறுகின்றது. ஈழத்து மாதோட்டத்தில் இராசராச ஈசுவரம் எழுந்தது சோழ அதிகாரியொருவரின் முயற்சியால் எனினும், அத்துறைமுகத்தின் சோழர் காலச் சாசனம் எண்ணெய், வெற்றிலை, வாழைக்காய் முதலியன விற்ற வணிகக் குழுவினரிடம் கோயிலின் முதல் ஒப்படைக்கப்பட்டமையைக் காட்டுகின்றது. மறுதலையாக, சைவப் பேரரசன் எனப் போற்றப்படும் முதலாம் இராசராசனே நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை வழங்கினான். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை ‘இராசராசப் பெரும்பள்ளி’ எனப் பெயர் பெற்றதும், அங்கு பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் தமிழிலேயே தானங்களைப் பொறித்ததும் பதினொராம் நூற்றாண்டிலேயாம்.

இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, வணிகர் என்றால் அவைதிகர், நிலவுடைமையாளர் என்றால் சைவர் என்ற சமன்பாடு காலம் முழுமைக்கும் பொருந்தாமை புலனாகும். ஏழாம் நூற்றாண்டிற் சில நகரங்களில் அத்தகைய எதிர்நிலை இருந்திருத்தல் கூடும். ஆயின் ஒன்பதாம் நூற்றாண்டளவிலே கோயில் நிலத்தின் உடைமையாளனாயும், நெற்களஞ்சியமாயும், வட்டிக்குப் பணம் விடும் நிறுவனமாயும் வளர்ந்துவிட்டது. நிலமுடையோனும் வணிகனும் அதன் வாயிலிலே சந்தித்தனர். வர்க்கத்துக்கு நிலையான சமயம் இருந்தது என்று கொள்வதிலும், நிறுவனம் மாறியபோது வர்க்கங்களின் உறவும் மாறியது என்று கொள்வதே கைலாசபதி கைக்கொண்ட வரலாற்று முறைக்கும் இசைவானதாகும்.

இரண்டாவது, நிலவுடைமை என்னும் எண்ணக்கரு பற்றியது. நிலவுடைமையாளர் என ஒரே சொல்லாற் சுட்டப்படுவோர் உண்மையில் ஒரே தன்மையர் அல்லர். யப்பானிய அறிஞரான நொபோரு கராசிமா, காவிரிக் கரையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் அயலூர்கள் இரண்டின் சோழர் காலச் சாசனங்களை ஒப்பிட்டு, வெள்ளான்வகை ஊராகிய அல்லூரில் நிலம் ஊராரின் கூட்டுடைமையாயிருந்ததையும், பிராமண ஊராகிய ஈசானமங்கலத்தில் அது தனியார் உடைமையாயிருந்ததையும் எடுத்துக்காட்டினார். சோழ அரசின் தன்மை பற்றிப் பேட்டன் ஸ்ரைன் 1980இல் முன்வைத்த கூறாக்க அரசுக் கொள்கையும், அதற்குக் கராசிமாவும் எ. சுப்பராயலுவும் தெரிவித்த மறுப்புக்களும் இப்பிரச்சினை எத்துணைச் சிக்கலானது என்பதை உணர்த்துகின்றன. ‘நிலமானியம்’ என்ற சொல்லை எழுதியவுடனே ஆராய்ச்சி முடிந்துவிட்டது எனக் கருதும் போக்கு, கைலாசபதியைப் பின்பற்றியோர் சிலரிடத்துக் காணப்படுகின்றது. ஆசிரியர் திறந்த வினாவை மாணவர் முடிந்த விடையாக்கிக்கொண்டனர் எனல் தகும்.

மூன்றாவது, சான்றுகளின் காலம் பற்றியது. இதுவே யாவற்றினும் முக்கியமானது. ஏழாம் நூற்றாண்டுச் சமுதாயத்தை விளக்க முற்படும் ஆய்வுகள், இரண்டாம் குலோத்துங்கனின் ஆட்சிக் காலத்தில் (1133–1150) எழுந்த பெரியபுராணத்தைப் பெரிதும் துணைக்கொள்கின்றன. அஃது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியது. மதுரையிற் சமணர் கழுவேறியமை பற்றிய செய்தி சம்பந்தரின் பதிகங்களிலே கூறப்படவில்லை. அது பிற்பட்ட நம்பியாண்டார் நம்பியின் பாடல்களிலேயே முதன்முதலிற் காணப்படுகின்றது. சம்பந்தருக்குப் பின்னரும் பாண்டிநாட்டிற் சமணம் வாழ்ந்ததற்குக் கழுகுமலையும் சித்தன்னவாசலும் சான்று பகர்கின்றன. ஆகவே, சேக்கிழார் கூறுவனவற்றைச் சம்பந்தர் காலச் சான்றாக அன்றிச் சேக்கிழார் காலச் சான்றாகவே முதலிற் கொள்ளுதல் வேண்டும்.

இவ்விதியைத் திருநாளைப்போவார் வரலாற்றிலே பொருத்திப் பார்த்தல் பயனுடையது. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை அவரது பெயரைச் சுட்டி வணங்குவதோடு அமைகின்றது, குலம் கூறப்படவில்லை. நம்பியாண்டார் நம்பி அவரை ஆதனூர்ப் புலையராகக் கூறி, இறையருளால் முனிவராகித் தில்லைவாழந்தணர் கைகூப்பும் நிலையடைந்தார் என ஒரே பாடலில் முடிக்கின்றார். சேக்கிழாரோ முப்பதுக்கு மேற்பட்ட பாடல்களிலே ஊரையும் சேரியையும் விரிவாகப் புனைகின்றார். நாய்க்குட்டிகளையும், இரும்புக் காப்பணிந்த கரிய சிறுவரையும், மரத்திலே தொங்கும் பறைகளையும் அவர் காட்டுகின்றார். தில்லையில் எரி வளர்த்து அதனுள் மூழ்கி வேற்றுருக் கொண்ட பின்னரே அடியார் கோயிலினுட் புகுகின்றார். நம்பியின் பாடலில் இல்லாத எரி சேக்கிழாரின் காவியத்தில் இடம்பெறுவதற்குச் சமுதாயக் காரணம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

முதலாம் இராசராசனின் தஞ்சைச் சாசனங்கள் இங்கு துணைபுரிகின்றன. கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களில் இறையிலி நிலங்களாக ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பன தனித்தனியே எண்ணப்படுகின்றன. பதினொராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீண்டாமை நில அளவைப் பதிவேட்டில் ஓர் எல்லையாக வரையப்பட்டுவிட்டது. சேக்கிழார் வருணிக்கும் சேரி கற்பனை நிலமன்று. அரசின் கணக்கிலே இடம்பெற்ற நிலம். திருநாளைப்போவார் கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுப்பவர் எனவும் சேக்கிழார் கூறுகின்றார். அவரது உழைப்பின் ஒலி கருவறை வரை சென்றது. அவரோ மதிலுக்குப் புறத்தே நின்றார். இம்முரண்பாட்டை அறிந்தே சேக்கிழார் பாடினார் என்பதிலே ஐயமில்லை.

இவ்விடத்தில் இரு நோக்குகளும் போதாமை தெளிவாகின்றது. சபாபதி நாவலர் சார்ந்த மரபு இதனைத் திருவருளின் பெருமையாக மட்டும் காண்கின்றது. எரியை ஏன் அடியார் மட்டும் கடக்க வேண்டும் என அது வினவுவதில்லை. வர்க்க ஆய்வு இதனைப் போலியான சமத்துவம் எனக் காண்கின்றது. இறைவன் சன்னிதியிலே கிடைத்த சமத்துவம் வயலிலே கிடைக்கவில்லை என்று சரியாகவே சுட்டுகின்றது. ஆனால் அப்போலிச் சமத்துவத்தையேனும் பாட வேண்டிய தேவை ஓர் அமைச்சருக்கு ஏன் ஏற்பட்டது என்பதற்கு அதனிடம் போதிய விடை இல்லை. மதிலுக்கு வெளியே நின்றோரின் குரல் ஏதோ ஒரு வகையிற் கேட்கப்பட்டமையாலேயே காவியம் அதற்கு மறுமொழி கூற முற்பட்டது எனக் கொள்ளல் பொருத்தமாகும். எரி ஒரே வேளையில் வாயிலாகவும் தடையாகவும் அமைந்துள்ளது.

பெண்கள் பற்றிய மௌனமும் இத்தகையதே. சோழர் காலக் கோயிற் பெண்டிர் தாமே தானம் வழங்கியோராகவும், அத்தானத்தின் வழியாகக் கோயிலில் உரிமையும் மதிப்பும் பெற்றோராகவும் சாசனங்களிற் காணப்படுதலை லெஸ்லி ஓர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் நிறுவியது. கழுகுமலைச் சாசனங்களிலே சமண சமயப் பெண் ஆசிரியர்களாகிய குரத்தியர் இடம்பெறுகின்றனர். வணிகனின் மனைவியாயிருந்து பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரை, அருளின் எடுத்துக்காட்டாக மரபும், வர்க்கப் போராட்டத்தின் எல்லைக்கு வெளியேயுள்ளவராகப் பிற்கால ஆய்வும் விட்டுச் சென்றன. இல்லறத்தை நீங்கிய பெண்ணுக்குச் சமண, பௌத்த சங்கங்கள் அளித்த இடத்தைப் பக்தி இயக்கம் எந்த அளவுக்கு அளித்தது என்பது இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டிய பொருளாகும்.

இவ்வாராய்ச்சி பழைமை பற்றியது மட்டுமன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே பெரியபுராணம் நெடுங்காலமாகப் புராண படனமாக ஓதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் பாடலை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். திருநாளைப்போவார் குருபூசையன்று அவ்வரலாறு மண்டபத்தினுள்ளே உருக்கத்தோடு ஓதப்பட்ட காலங்களிலேயே, அவர் வழியினராகக் கருதப்பட்டோர் வீதியில் நிற்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. கைலாசபதியின் நூல் வெளிவந்து அப்போது இரண்டே ஆண்டுகள் சென்றிருந்தன. இடைக்காலச் சமுதாயம் பற்றிய ஆய்வு அவர் கையிலே கூர்மை பெற்றமைக்கும், சில இடங்களில் அளவுக்கு மிஞ்சிய எளிமை பெற்றமைக்கும், சமகாலத்தின் இவ்வெம்மையே காரணமாயிருந்திருத்தல் கூடும். சபாபதி நாவலர் மிசனரிமாருக்கு மறுமொழியாக எழுதியது போலவே, கைலாசபதியும் தம் காலத்துக்கு மறுமொழியாக எழுதினார்.

ஆகவே, ஒருவரை மற்றவரைக் கொண்டு மறுத்துவிடுதல் ஆய்வாகாது. பனுவலின் உட்பொருளையும் உரைமரபையும் வரிவரியாக அறிந்த கோப்பாய்ப் புலவரின் புலமை இன்றைய மாணவரிடத்து அருகி வருகின்றது. அப்புலமையின்றிச் சேக்கிழாரின் எரியை நம்பியின் பாடலோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இயலாது. யார் பயனடைந்தனர் என்று கேட்கும் கைலாசபதியின் வினா இன்றேல், அவ்வொப்பீட்டினாற் பயனும் இல்லை. இவ்விரண்டையும் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை முதலியோர் வளர்த்த சாசனக் கல்வியோடு இணைத்தல் இன்றைய தேவையாகும். கோப்பாய்க்கும் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தொலைவு சில கல் மட்டுமே. மடத்தின் புலமையும் பல்கலைக்கழகத்தின் வினாவும் ஒரே மாணவனிடத்து ஒன்றுசேருமாயின், தில்லை மதிலுக்கு வெளியே நின்றவரின் வரலாற்றை அவர் நின்ற இடத்திலிருந்தே எழுதுதல் கைகூடும்.